மாமரத்தடியில் நிற்கும் காருக்கு வாக்ஸா, சீலன்ட்டா, செராமிக்கா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மன்னார்குடிக்காரர். கருநீலத்தில் புது கார், அடுத்த மாதம் டெலிவரி. தினமும் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போய் வர வேண்டும். கார் நிற்கப்போவது வீட்டு வாசல் மாமரத்தடியில், கழுவப்போவது வீட்டு போர் தண்ணீரில். ஷோரூமில் 9ஹெச் செராமிக் கோட்டிங் 28,000 ரூபாய், ஐந்து வருட வாரன்டி என்கிறார்கள். மாமா வாக்ஸே போதும் என்கிறார், நண்பர் சீலன்ட் வாங்கச் சொல்கிறார். கூடவே அப்பாவின் பழைய வெள்ளை ஆல்டோவுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. சீலன்ட் போடுங்கள், வருடத்துக்கு மூன்று தடவை. ஷோரூம் கோட்டிங் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து வாசலில் ஒரு தகரக் கொட்டகை போட முடியுமா என்று பாருங்கள். நான் முன்பு டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் வேலை பார்த்தவன், இப்போது பாலிஷும் கோட்டிங்கும்தான் தொழில். செராமிக் போட்டால்தான் எனக்குக் கூடுதல் காசு, அதனால் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், பிடித்திருந்தால் கேளுங்கள்.

நம் பக்கம் காரின் பெயின்டைக் கெடுப்பது வெயில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வெயிலும் கெடுக்கும், ஆனால் அதற்குப் பல வருடம் பிடிக்கும். ஒரே வருடத்தில் புது காரைப் பழைய கார் மாதிரி ஆக்குவது இரண்டு விஷயம்: போர் தண்ணீர், அப்புறம் காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கிற கை. இந்த இரண்டையும் சரி செய்யாமல் மேலே எதைப் பூசினாலும் காசு வீண். செராமிக்கிலும் அப்படித்தான், வாக்ஸிலும் அப்படித்தான். சொல்லப்போனால் தண்ணீர் கெட்ட தண்ணீராக இருந்தால் செராமிக் போட்ட கார் கூடுதலாகவே அவதிப்படும், அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் காப்பாற்றப் போவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் இன்னொரு பூச்சு, அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது, புற ஊதாக் கதிரை உறிஞ்சி அடியில் இருக்கும் நிறத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். கீறல் எடுக்கிறேன் என்று மெஷின் போட்டு ரப்பிங் செய்கிற ஒவ்வொரு தடவையும் இதிலிருந்து சில மைக்ரான் போய்விடும். திரும்ப வளராது. அதனால் வருடா வருடம் பாலிஷ் போட்டுப் புதுசாக்குகிறவர்கள் உண்மையில் காரின் ஆயுளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாக்ஸும் சீலன்ட்டும் செராமிக்கும் இந்தக் கிளியர் கோட்டின் மேல் உட்காரும் இன்னொரு மெல்லிய படலம், அவ்வளவுதான். நல்ல செராமிக் கோட்டிங்கே காய்ந்த பிறகு ஒன்று, இரண்டு மைக்ரான் தேறினால் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஷோரூம்காரர் சொல்வதைக் கேளுங்கள். சாவியால் கீறினாலும் விழாது, கல் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்வது எப்படி இருக்க முடியும்? 40 மைக்ரானைத் தாண்டிப் போகிற கீறலை ஒரு மைக்ரான் தடுக்காது.

9ஹெச் என்கிறார்களே, அது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. பென்சிலை 45 டிகிரி சாய்த்து, குறிப்பிட்ட எடையை வைத்து, பூச்சின் மேல் தள்ளுவார்கள். கீறாத பென்சில்களில் எது அதிகக் கெட்டியோ அதுதான் அந்தப் பூச்சின் எண். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய ஹெச்பி பென்சில் இருக்கிறதே, அதே வரிசையில் கெட்டியான கோடியில் இருப்பதுதான் 9ஹெச். வைரத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பாறைக்கு அடுத்தபடி, வைரத்துக்கு ஒரு படி கீழே என்று யாராவது விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பென்சில் கரியை விடத் தெருப்புழுதியில் இருக்கும் மணல் ரொம்பவே கெட்டி.

சரி, தண்ணீருக்கு வருவோம். டெல்டாவில் போர் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும், தெருவுக்குத் தெருவும் மாறும். கடற்கரைப் பக்கம், நாகப்பட்டினம், வேதாரண்யம் வட்டாரத்தில் பல இடத்தில் வாயில் வைக்க முடியாத உவர். உள்ளே வர வர தேவலை, ஆனால் வாளியின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படிகிற தண்ணீர்தான் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 என்று ஒன்று இருக்கிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பரவாயில்லை என்று அது சொல்கிறது. குடிக்க அது சரி. காருக்கு 500 கூட அதிகம். உங்கள் தண்ணீர் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் காய்ந்தால் ஒரு கிராம் உப்பும் சுண்ணாம்பும் மிஞ்சும். அது முழுக்க பானட், ரூஃப், கண்ணாடி மேல்தான் உட்காரும். இந்தக் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பேனா மாதிரி சின்னதாகச் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கோட்டிங் பற்றி முடிவெடுக்கும் முன் அதை வாங்கி உங்கள் குழாயடியில் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது செராமிக் என்ன செய்யும்? தண்ணீரை ஒட்டவிடாது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரட்டும். விளம்பர வீடியோ எல்லாவற்றிலும் அதைத்தான் காட்டுவார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். கார் ஓடிக்கொண்டிருந்தால் அந்த முத்துகள் காற்றில் உருண்டு போய்விடும், நல்லதுதான். ஆனால் நிற்கிற காரில், சித்திரை வெயிலில், அந்த ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே வற்றும். வற்ற வற்ற அதிலிருக்கும் சுண்ணாம்பெல்லாம் ஒரு சின்ன வட்டத்துக்குள் குவிந்துவிடும். பூச்சு இல்லாத காரில் தண்ணீர் பரவி மெல்லிய வெள்ளைப் படலமாகக் காயும், துடைத்தால் பெரும்பாலும் போகும். கோட்டிங் போட்ட காரில் பொட்டு பொட்டாக, ஓரம் தடித்த வளையமாக நிற்கும். கருநீலத்தில் அது எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. சில நாள் வெயிலில் விட்டால் வளையம் கோட்டிங்கையே பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க பாலிஷ், பாலிஷ் போட்டால் கோட்டிங்கும் போச்சு. என்னிடம் வருகிற செராமிக் கார்களில் முக்கால்வாசி இந்தப் புகாரோடுதான் வருகின்றன. கோட்டிங் மோசமென்று சொல்ல மாட்டேன், தண்ணீர்தான் காரணம். ஆனால் காசு கொடுத்தவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்?

ஒன்று எச்சரிக்க வேண்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று வாளியில் பிடித்துக் காரைக் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல மனசுதான். ஆனால் வடிகட்டி எடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, போரை விட மோசம். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர்மாறு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் உப்பே கிட்டத்தட்ட இருக்காது. ஒரு கேனில் பிடித்து, துணி போட்டு வடிகட்டி வைத்துக்கொண்டால் கடைசி அலசலுக்கு அருமையான தண்ணீர். மழைத் தண்ணீரும் அப்படித்தான். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், உங்கள் வீட்டிலும் மொட்டை மாடிக் குழாய் ஒன்று குழிக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு டிரம் வைத்தால் போதும். ஆற்றுத் தண்ணீர் போரை விட மென்மைதான், அதற்காக வாய்க்காலில் வண்டியை இறக்க வேண்டாம். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும்போது அதில் வண்டலும் நுண்மணலும் கலந்துதான் வரும், தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கணக்கு. ஆற்றுக்கும் அது நல்லதில்லை.

அடுத்தது தூசி. உங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில் மன்னார்குடி தஞ்சாவூர் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அறுப்பு மெஷின் ஓடும் வயலிலிருந்து சுணை பறக்கும், வைக்கோல் லாரி முன்னால் போகும். ரைஸ் மில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் கருஞ்சாம்பல் மூடிவிடும். அது உமி எரிந்த சாம்பல், பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்காதான். கிளியர் கோட்டை விட அது பல மடங்கு கெட்டி. காலையில் டீ குடித்துவிட்டு வந்து, டிக்கியில் கிடக்கும் அந்த மஞ்சள் துணியை எடுத்து, தண்ணீர் விடாமல் பானட்டை நாலு இழுப்பு இழுப்பார்களே, அந்த நாலு இழுப்பில்தான் எல்லாம் போகிறது. உடனே தெரியாது. ஒரு நாள் பெட்ரோல் பங்கில், விளக்கு வெளிச்சம் பானட்டில் விழும்போது, வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். கருநீலம், கறுப்பு, அடர் சிவப்பில் இது ரொம்பப் பளிச்சென்று தெரியும். வெள்ளை, சில்வரில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. டெல்டாவில் வெள்ளைக் கார் வாங்குகிறவர்கள் ஒன்றும் ரசனை இல்லாதவர்கள் இல்லை.

ஆக, வாக்ஸ். நல்ல வாக்ஸில் இருப்பது கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலை மேல் படியும் மெழுகு. இயற்கை மெழுகுகளிலேயே கெட்டியானது, 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் அது தனியாக வருவதில்லை, பூசுவதற்கு வசதியாக எண்ணெயும் கரைப்பானும் மற்ற மெழுகுகளும் கலந்துதான் வரும், அந்தக் கலவை அதற்கு முன்பே இளகும். சித்திரை மதியம் அடர் நிறக் கார் பானட் வெயிலிலேயே 70 டிகிரியைத் தொடும், அடியில் எஞ்சின் சூடு வேறு. அதனால் வாக்ஸ் நம் ஊரில் ஒன்றரை மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம். பளபளப்பு என்னவோ வாக்ஸுக்குத்தான் அழகு, சிவப்பு, கறுப்பு நிறத்துக்கு அது கொடுக்கும் ஆழம் வேறு எதிலும் வராது என்பது என் அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமை காரோடு உட்காருவதில் சுகம் காண்கிறவர்களுக்கு அது. மாமா அந்த ரகம் என்று நினைக்கிறேன். தினமும் தஞ்சாவூர் ஓடுகிறவருக்குச் சரிப்படாது.

சீலன்ட் என்பது செயற்கை. சிலிக்கோன் வகைப் பாலிமர்கள், கிளியர் கோட்டைப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றியமைத்தவை. சூட்டில் இளகாது, ஷாம்பூவைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும், இங்கே நான்கு மாதம் தாராளமாக நிற்கும். தண்ணீரைப் பெரும்பாலும் முத்தாகத் திரட்டாமல் தகடு தகடாக வழியவிடும் ரகமும் உண்டு, நமக்கு அதுதான் வேண்டும். மிக முக்கியமான விஷயம், வளையக் கறை பிடித்துவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி நீங்களே பூசிக்கொள்ளலாம். 28,000 போட்ட பூச்சு கெட்டுவிட்டதே என்று வயிறு எரிய வேண்டியதில்லை. ஒரு பாட்டில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் வரும், ஒரு காருக்கு ஒரு வருடத்துக்கு மேலேயே போதும். 3எம், மெகுவையர்ஸ், டர்ட்டில் வாக்ஸ் எல்லாம் கிடைக்கின்றன, இந்தியத் தயாரிப்பில் வேவெக்ஸ் இருக்கிறது. பிராண்டுக்குள் ரொம்பத் தலையை விட வேண்டாம். செராமிக் ஸ்ப்ரே என்று பாட்டிலில் விற்பதும் குணத்தில் சீலன்ட்தான், கொஞ்சம் சிலிக்கா சேர்த்திருப்பார்கள். அதை வாங்கினாலும் தப்பில்லை, வருடக்கணக்கில் நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையான செராமிக் வேறு. சின்னக் கண்ணாடி பாட்டிலில், 30, 50 மில்லி வரும். பூசியதும் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகி, கிளியர் கோட்டோடு ஒட்டிவிடும். பாலிஷ் மெஷின் இல்லாமல் எடுக்க முடியாது. ரசாயனத்தை நன்றாகத் தாங்கும், அழுக்கு ஒட்டாது, கழுவுவது பாதி வேலை ஆகிவிடும். இதெல்லாம் நிஜம். யாருக்குப் போடச் சொல்வேன் என்றால், மூடிய ஷெட், உப்பில்லாத தண்ணீர், கழுவுகிற ஆள் நீங்களே அல்லது நீங்கள் சொன்னதைக் கேட்கும் ஆள், இந்த மூன்றும் இருந்தால். திருச்சியில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்தி, காவிரித் தண்ணீர்க் குழாய் வைத்திருக்கும் ஒருவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன். ஐந்து வருடம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு, இரண்டரை வருடம், நான் கையில் பார்த்த கணக்கு அது.

இன்னொன்று, அதைப் போடுகிற விதம். பாதி பலன் அதில்தான். காரைக் கழுவி, இரும்புத் துகள் எடுக்கும் மருந்தடித்து, களிமண் கட்டி (நிஜ மண் இல்லை, பெயின்டில் ஒட்டிய துகளை எடுக்கக் கடையில் விற்கும் கிளே பார்) போட்டுத் தேய்த்து, கீறல் இருந்தால் பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பசை இல்லாமல் ஸ்பிரிட் கலந்த தண்ணீரில் துடைத்து, அப்புறம்தான் கோட்டிங். ஒழுங்காகச் செய்தால் முழுசாக ஒரு நாள், பல சமயம் இரண்டு நாள். கார்த்திகை மாத ஈரப்பதத்தில் இது சீக்கிரம் இறுகும், துடைக்கக் கொஞ்சம் தாமதித்தால் வானவில் நிறத்தில் திட்டு திட்டாக நின்றுவிடும். அப்புறம் முதல் நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. ஷோரூமில் காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதில் எதை விட்டுவிட்டார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். யார்டில் தூசியோடு நின்ற காரை டெலிவரிக்கு முன்னால் பையன் ஒருவன் கிடைத்த துணியில் துடைத்திருப்பான், அந்தக் கீறலுக்கு மேலேயே பூச்சு போனால் கீறல் அப்படியே உள்ளே தங்கிவிடும். வாரன்டித் தாளையும் காசு கட்டும் முன் கேட்டு வாங்கிப் படியுங்கள். பறவை எச்சம், தண்ணீர்க் கறை, கீறல் மூன்றும் விலக்கு என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே காசு கொடுத்து மெயின்டனன்ஸ் செய்ய வேண்டும் என்றும் இருக்கும். அப்படியென்றால் வாரன்டி எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

டெஃப்லான் கோட்டிங் என்று கேட்டால் வேண்டாம். டெஃப்லான் 327 டிகிரியில் உருகுவது, தோசைக்கல்லில் அதை உலையில் வைத்துப் பிடிக்க வைக்கிறார்கள், கார் மேல் அப்படிச் செய்ய முடியாது. கிராஃபீன் கோட்டிங் என்பது இப்போது புதிதாகச் சொல்லி விற்கும் பெயர், கூடுதலாகக் காசு கொடுக்கும் அளவுக்கு அதில் வித்தியாசம் நான் பார்க்கவில்லை. கல் தெறிப்புக்குத்தான் பயம் என்றால் அதற்கு மருந்து பிபிஎஃப் என்கிற பிளாஸ்டிக் உறை மட்டும்தான், அது 150 மைக்ரானுக்கு மேல் தடிமன், கல்லை நிஜமாகவே வாங்கிக்கொள்ளும். முழு காருக்கும் போட்டால் லட்சத்தைத் தொடும். மணல் லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவர் என்பதால் முன் பம்பருக்கும் பானட் முனைக்கும் மட்டும் போட்டுக்கொள்ளலாம், அது வீண் செலவு ஆகாது.

இனி செய்ய வேண்டியது. டெலிவரிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், காரைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், ரிப்பன் கட்டினால் போதும் என்று. விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நல்ல கழுவல். அப்புறம் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானட் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாதது கவருக்குள் விரல் நுனிக்குத் தெரியும். வழவழவென்று இருந்தால் நேராக சீலன்ட். நறநறவென்று இருந்தால் களிமண் கட்டி, ஷாம்பூத் தண்ணீர் நிறைய விட்டு, அழுத்தாமல். கம்பெனியில் அடித்த பெயின்ட் 140 டிகிரி சூட்டில் வெந்து வந்தது, அதனால் புது காருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பூசும்போது தகடு ஆறியிருக்க வேண்டும், புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நிழலில், சாயங்காலத்தில் செய்யலாம், மார்கழியில் மட்டும் பனி இறங்கும் முன் முடித்துவிடுங்கள். ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும், ஒரு கதவுக்கு அது காணும். அதிகம் பூசினால் அதிகம் நிற்கும் என்பது கிடையாது, துடைக்கத்தான் கஷ்டம். மெல்லிய புகைமூட்டம் மாதிரி வெளுத்ததும் விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள், சுத்தமாக வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடலாம், இழுவினால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அன்று ராத்திரி நனையக் கூடாது. புரட்டாசிக் கடைசியில் அடைமழைக்கு முன் ஒன்று, தை பிறந்து பனி குறைந்ததும் ஒன்று, வைகாசியில் ஒன்று. தேதி நினைவில் நிற்காதவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபம்.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே ஓடவிட்டு மண்ணை இறக்குங்கள், கை படாமல். அப்புறம் இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர், ஒவ்வொரு முறை தேய்த்த கிளவுஸையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம், அது சீலன்ட்டையும் சேர்த்தே கழுவிவிடும். டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவது லாரி செட் பழக்கம், ஒரு மணி நேரம் மின்னும், அப்புறம் தெருப்புழுதி முழுக்க அதில் ஒட்டும். கடைசியாக ஏசி தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு வாளி தலையில் ஊற்றி, உடனே பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுங்கள். வெயிலில் காயட்டும் என்று விடவே கூடாது. வாட்டர் வாஷ் கடைக்குப் போனால் ஃபோம் போட்டு அடிப்பது வரை அவர்கள் செய்யட்டும், துடைக்க உங்கள் துணியைக் கொடுங்கள். அவர்கள் துணியில் முந்தைய டிராக்டரின் சேறு இருக்கும்.

மீறி வெள்ளை வளையம் விழுந்துவிட்டால், புதுசாக இருக்கும்போதே வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து அந்த இடத்தில் இரண்டு நிமிடம் போட்டுவைத்து, நன்றாக அலசிவிடுங்கள். சுண்ணாம்பு கரைந்துவிடும். செம்பு, பித்தளைக்குப் புளி தேய்க்கிறோமே என்று இங்கே புளியைக் கொண்டுவராதீர்கள், அதில் நார் இருக்கிறது.

மாமரம் பெரிய தலைவலி. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி கழிக்கும் பிசுபிசுப்பு பனி மாதிரி காரெல்லாம் இறங்கும், அதன் மேல் தூசி ஒட்டி, நாளாக நாளாகக் கறுப்பாகும். சீலன்ட் இருந்தால் ஷாம்பூவிலேயே போகும், அதுவும் இரண்டு நாளைக்குள் கழுவினால். காகம் போதாதென்று வடுவூர் ஏரி வேறு உங்கள் வழியில் இருக்கிறது, கார்த்திகை முதல் மாசி வரை அங்கே வரும் நீர்ப்பறவைகளின் எச்சம் சாதாரண எச்சமில்லை, பூராவும் மீன். எச்சம் காய்ந்துவிட்டால் சுரண்டாதீர்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு டிஷ்யூவை நனைத்து அதன் மேல் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் விட்டால் தானாக இளகும், அழுத்தாமல் அள்ளி எடுத்துவிடலாம். வெயிலில் சூடேறிய பெயின்டில் எச்சம் சாயங்காலம் வரை இருந்தால் வாக்ஸ், சீலன்ட், செராமிக் எதுவானாலும் தழும்பு விழும். எச்சத்துக்கு எதிராக மூன்றுமே கொஞ்ச நேரம் வாங்கித் தருமே தவிர தடுக்காது. அதனால்தான் கொட்டகை என்று முதலிலேயே சொன்னேன்.

பூஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் கேட்பதில்லை, ஆனால் புது காரில் முதல் கீறல் அங்கேதான். பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, காய்ந்தபின் நகத்தால் சுரண்டுவார்கள். சந்தனத்தை நீர்க்கக் குழைத்து, முடிந்தால் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். பானட்டில்தான் வேண்டும் என்று அம்மா சொன்னால் அம்மா சொன்னபடியே ஆகட்டும், சாயங்காலம் தண்ணீர் தெளித்து ஊறவைத்து எடுத்துவிடுங்கள். மஞ்சள் கறை மிஞ்சினாலும் கவலையில்லை, வெயிலிலேயே வெளுத்துவிடும், குங்குமச் சாயம் அப்படிப் போகாது. மாலையைக் கட்டிய நூலும் கம்பியும் ஓட்டத்தில் உராயும், கோயிலிலிருந்து வீடு வரை போதும், அவிழ்த்துவிடுங்கள்.

அப்பாவின் ஆல்டோ. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பானட்டிலும் ரூஃபிலும் செதில் செதிலாக உரிகிறது. அது கிளியர் கோட்டே போய்விட்ட நிலைமை, அதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது, ரப்பிங் போட்டால் இன்னும் உரியும். மற்ற பக்கங்களுக்கு ஒரு சாதாரண வாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அந்தக் காருக்குச் செலவு வேண்டாம். பானட்டையும் ரூஃபையும் மட்டும் டிங்கரிங் கடையில் கொடுத்து அடிக்கச் சொல்லலாம், கிளியர் கோட் இரண்டு கை விடச் சொல்லிக் கேளுங்கள். பட்டறை பெயின்ட் கம்பெனி பெயின்ட் மாதிரி வெந்தது கிடையாது, உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற நாளாகும். அதனால் அடித்து வாங்கியபின் குறைந்தது ஒரு மாதம், மழைக்காலமாக இருந்தால் இரண்டு மாதம், வாக்ஸோ சீலன்ட்டோ எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி ஓட்டச் சொல்லுங்கள்.